அஞ்சு பாட்டிலும் ஒரு தும்மலும்

கல்யாணத்துக்குக் காத்திருக்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள். வக்கீலா? பரவாயில்லை, வாதாடித் தோற்கலாம். டாக்டரா? தோற்ற பிறகு மருந்தாவது கிடைக்கும். டிரைவிங் டெஸ்ட் எடுக்கும் அதிகாரி என்று சொன்னால் மட்டும் காபியைக் குடித்துவிட்டு நைசாக எழுந்து வந்துவிடுங்கள். நான் எழுந்து வரவில்லை. கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி பாக்கி இருந்தது.

என் மனைவிக்குத் தினமும் இதுதான் வேலை. ஓட்டுநர் உரிமம் கேட்டு வருபவர்களின் பக்கத்தில் உட்காருவாள். அவர்கள் வண்டியை ஓட்டுவார்கள், வியர்ப்பார்கள், உளறுவார்கள். இவள் ஒன்றும் பேச மாட்டாள். திட்ட மாட்டாள், முகம் சுளிக்க மாட்டாள். கடைசியில் ஒரே வார்த்தை: "இறங்கலாம்." அந்த வார்த்தையைக் கேட்டுப் பெரிய பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் அழுதிருக்கிறார்கள்.

எனக்குப் பெயிண்ட் கடை. வெள்ளையில் மட்டும் நாற்பது வகை என்னிடம் உண்டு. முத்து வெள்ளை, மேக வெள்ளை, முயல் வெள்ளை, மௌன வெள்ளை. நாற்பதும் ஏறக்குறைய வெள்ளைதான். ஆனால் "உங்க ஹாலுக்கு மௌன வெள்ளைதான் சார் எடுக்கும்" என்று சொல்லும்போது என் குரலில் ஒரு நடுக்கம் வரும். அந்த நடுக்கத்தில்தான் குடும்பம் நடக்கிறது. இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லி நம்பவைப்பது என் தொழில். இருக்கிற தப்பை விடாமல் கண்டுபிடிப்பது அவள் தொழில். இப்படி இரண்டு பேரை ஒரே வீட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஹாலில் ஜன்னலோரமாக ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதன் நடுத்தட்டு என்னுடையது. அதில் ஐந்து விஸ்கி பாட்டில்கள். வெளிநாடு போய்வந்த மைத்துனர், வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துச் சந்தோஷப்பட்ட வாடிக்கையாளர் என்று ஒவ்வொருவராகக் கொடுத்தது. சனிக்கிழமை தோறும் ஒரு சின்னக் கோப்பை எனக்கு அனுமதி. மற்ற நாட்களில் பார்த்துக்கொண்டிருப்பேன். சாயங்கால வெயில் அந்தப் பாட்டில்களில் விழும்போது எனக்கு அரசனைப் போல இருக்கும்.

அந்த வெயில்தான் வினையாகப் போயிற்று.

"என்னங்க, இந்தத் தட்டைக் கொஞ்சம் ஒழிச்சுக் குடுங்க. என் செடிங்களுக்கு வெயில் பத்தலை."

செடி என்றால் கள்ளிச்செடி. ஐந்து குட்டித் தொட்டிகள். ஒன்று உருண்டை, ஒன்று சப்பட்டை, ஒன்று தூண், ஒன்று முயல் காது, ஒன்று நட்சத்திரம். ஆபீசிலிருந்து வந்ததும் என் முகத்தைப் பார்க்கும் முன் அவற்றின் முகத்தைத்தான் பார்ப்பாள்.

"என் பாட்டில் எல்லாம் எங்க போகும்?"

"சமையல்கட்டுல பரண் இருக்கே."

"பரணா? பதினெட்டு வயசு ஸ்காட்ச்சைப் பரண்ல போடறதா? உன் செடியைப் பரண்ல போடு. இல்லேன்னா அஞ்சையும் ஒரே தொட்டியில நட்டுட்டு மொட்டை மாடியில வை. இடமும் மிச்சம், தொட்டியும் மிச்சம். எல்லாம் முள்தானே!"

அவள் கையிலிருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். சத்தமில்லாமல் வைத்தாள். அப்போதே நான் மன்னிப்புக் கேட்டிருந்தால் இந்தக் கதை இந்த இடத்தோடு முடிந்திருக்கும்.

"எல்லாம் முள்தான்," என்றாள். "சரி. இதெல்லாம் என்ன?"

"விஸ்கி."

"அஞ்சுமா?"

"அஞ்சுமே விஸ்கிதான். ஆனா..."

"அப்போ ஒரே கேன்ல ஊத்திடலாம். இடமும் மிச்சம், பாட்டிலும் மிச்சம்."

மூலையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் இருந்தது. பெயிண்டில் கலக்கும் தின்னரைக் கடையிலிருந்து நான் கொண்டு வந்த கேன். அவள் அதன் மூடியைத் திருகித் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் சும்மா மிரட்டுகிற ரகம் இல்லை. சொன்னால் செய்துவிடுவாள்.

"அடிப்பாவி! ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே கிடையாது. இங்க பாரு. இது ஸ்காட்ச். ஸ்காட்லாந்துல பண்ணினாத்தான் அந்தப் பேரு. குறைஞ்சது மூணு வருஷம் மரப் பீப்பாயில தூங்கணும்."

"நீங்க கடையில தூங்கற மாதிரியா?"

"இவன் புகைக்காரன். சதுப்பு நிலத்துல மக்கிப்போன மண்ணை வெட்டி, காய வச்சு, எரிப்பாங்க. அந்தப் புகையில பார்லியை வாட்டினா..."

"கருகிப் போயிடுமே."

"கருகாது! வாசனை ஏறும். இவரு பதினெட்டு வயசுக்காரர். இவரும் ஸ்காட்ச்தான். ஷெர்ரின்னு ஒரு ஒயின் இருந்த பீப்பாயில ஊறினவர். இது அயர்லாந்து. மூணு தடவை வடிப்பாங்க. அதான் தொண்டையில வழுக்கிட்டுப் போகும். இது பர்பன்..."

"பிஸ்கட்டா?"

"அமெரிக்க விஸ்கி! பாதிக்கு மேல சோளம். உள்பக்கம் நெருப்புல கருக்கின புதுப் பீப்பாயிலதான் வைக்கணும். ஒரு தடவை உபயோகிச்ச பீப்பாயில மறுபடி பர்பன் வைக்கக் கூடாது."

"அப்புறம் அந்தப் பழைய பீப்பாயை என்ன பண்ணுவாங்க?"

"ஸ்காட்லாந்துக்காரன் வாங்கிக்குவான்."

"பரவாயில்லையே. பழசைத் தூக்கிப் போடாம வச்சுக் குப்பை கொட்டறவங்க அந்த ஊர்லயும் இருக்காங்க." சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள்.

"இது ரை. ரைங்கறது ஒரு தானியம். மிளகு மாதிரி காரமா இருக்கும். இப்போ புரியுதா? இதெல்லாம் என்ன, மூலைக்கடையில விக்கற மலிவு பிளெண்ட் விஸ்கியா? அந்தக் கண்றாவியில நான் பிரஷ்கூடக் கழுவ மாட்டேன்."

"இவ்வளவும் குடிச்சா தெரியுமா, லேபிளைப் படிச்சாத்தான் தெரியுமா?"

"குடிச்சா தெரியும்!"

"அப்போ ஒரு டெஸ்ட் வச்சுக்கலாம். அஞ்சு கோப்பை ஊத்தித் தரேன். எது எதுன்னு சொல்லுங்க. அஞ்சும் சரியா இருந்தா தட்டு உங்களுது. என் செடி மாடிக்குப் போகுது, நான் வாயே திறக்க மாட்டேன். ஒண்ணு தப்பாப் போனாலும் கேன்."

இங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிறுத்தவில்லை.

"கண்ணைக் கட்டிக்கிட்டே சொல்லுவேன்!"

"கண்ணைக் கட்டணும்னு நான் சொல்லவே இல்லைங்க."

"நான் சொல்றேன். கட்டு! ரெண்டு துணி போட்டுக் கட்டு!"

"சரி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம். சாட்சிக்கு யாரை வேணும்னாலும் கூட்டிட்டு வாங்க," என்றாள். தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அவள் ஆபீஸ் போனதும் கதவைத் தாழிட்டுக்கொண்டு பயிற்சியில் இறங்கினேன். ஐந்து கோப்பை. கண்ணை மூடிக்கொண்டு கோப்பைகளை இடம் மாற்றினேன். முதல் கோப்பையைக் குடித்தேன். நன்றாக இருந்தது. இரண்டாவதைக் குடித்தேன். அதுவும் நன்றாக இருந்தது. மூன்றாவது இன்னும் நன்றாக இருந்தது. ஐந்தாவது கோப்பை வந்தபோது உலகத்தில் எல்லாமே நன்றாக இருந்தது. எது எது என்று மட்டும் தெரியவில்லை.

அப்போதுதான் ஒரு பயங்கர உண்மை உறைத்தது. எனக்கு நாக்கே கிடையாது. இத்தனை வருஷமாக நான் விஸ்கியைக் கண்ணால் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கண்ணைத் திறந்து கோப்பைகளைப் பார்த்தால் போதும், பளிச்சென்று சொல்லிவிடுவேன். பெயிண்ட்காரன் இல்லையா? வெளிறின வைக்கோல் நிறம் புகைக்காரன். மரக்கதவுக்கு அடிக்கும் வார்னிஷ் நிறம் பதினெட்டு. செம்பு பர்பன். கண்ணைக் கட்டாமல் இருந்தால் ஐந்துக்கு ஐந்து வாங்கியிருப்பேன். அந்தக் கண்ணைத்தான் இரண்டு துணி போட்டுக் கட்டு என்று நானே கேட்டு வாங்கியிருக்கிறேன்.

உள்ளதைச் சொல்லித் தோற்றுப்போகலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். தின்னர் கேன் கண்ணில் பட்டது. பதினெட்டு வயசுக்காரரும் புகைக்காரனும் அதற்குள் கட்டிப்புரளும் காட்சி மனசில் ஓடியது. அழுகையே வந்துவிட்டது. நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

பக்கத்து வீட்டில் பல் டாக்டர். மாடியில் குடியிருப்பு, கீழே கிளினிக். சாதுவான மனிதர். அடுத்தவர் வாயில் எதை வேண்டுமானாலும் தைரியமாக விடுவார், தன் வாயைத் திறக்கத்தான் பயப்படுவார். என் மனைவியிடம் இரண்டு தடவை டிரைவிங் டெஸ்ட் கொடுத்து இரண்டு தடவையும் "இறங்கலாம்" வாங்கியவர். இன்னும் பஸ்ஸில்தான் போகிறார்.

"சாட்சியா? மேடத்துக்கு முன்னாடியா? ஆளை விடுங்க சார்."

"டாக்டர், நீங்க பேசவே வேண்டாம். அவ எந்தப் பாட்டில்லேருந்து ஊத்தறான்னு பாருங்க. பார்த்துட்டு ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான்."

"என்ன சத்தம்?"

"புகைக்காரன்னா தொண்டையைச் செருமுங்க. புகை, செருமல். பொருத்தமா இருக்கா? ரை காரம். அதுக்குத் தும்மல். பர்பன் புது மரப் பீப்பாய். அதுக்கு மர நாற்காலியைக் கிறீச்சுன்னு நகர்த்துங்க. அயர்லாந்து வழவழன்னு போகும். அதுக்கு ஒரு பாட்டை முணுமுணுங்க. பதினெட்டுக்குப் பெருமூச்சு."

"பதினெட்டுக்கு ஏன் பெருமூச்சு?"

"வயசாயிடுச்சில்ல?"

"எனக்கு நினைச்ச நேரத்துல தும்மல் வராது சார்."

"மூக்குப்பொடி வாங்கித் தரேன்."

"மேடம் கண்டுபிடிச்சிட்டா ஆயுசுக்கும் எனக்கு லைசென்ஸ் கிடையாது."

"ஜெயிச்சா வாரா வாரம் பதினெட்டுல உங்களுக்கு ஒரு கோப்பை."

டாக்டர் நாற்காலியில் படுத்திருந்த நோயாளியைப் பார்த்தார். வாயில் பஞ்சோடு அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தலையையும் ஆட்டினார். அவருக்கே ஆசை வந்துவிட்டது போலிருக்கிறது. டாக்டர் ஒப்புக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க நான் குஷியாக இருந்தேன். அவளும் குஷியாகத்தான் இருந்தாள். பாட்டில்களில் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தது. நான் பயிற்சிக்கு எடுத்ததுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் சாப்பிடும்போது ஆபீஸ் கதை ஒன்று சொன்னாள்.

"இன்னிக்கு ஒருத்தர் வந்தாருங்க. டெஸ்ட்டுக்கு முன்னாடி கண் பார்வை பார்ப்போம்ல, சுவத்துல எழுத்துப் பலகை மாட்டி? ஆளுக்குச் சுத்தமாக் கண்ணு தெரியலை. வாசப்படியே தடுக்குது. ஆனா மேல் வரியிலேருந்து கீழ் வரி வரைக்கும் கடகடன்னு ஒப்பிச்சாரு. ஒரு எழுத்துகூடத் தப்பில்லை."

"எப்படி?"

"முன்னாடி வந்துட்டுப் போனவங்ககிட்ட கேட்டு மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்காரு. நான் நேத்தே பலகையை மாத்தி மாட்டிட்டேன். தட்டுத் தடுமாறிப் படிச்சிருந்தாக்கூட எனக்குச் சந்தேகம் வந்திருக்காது. இல்லாத பலகையைத் தப்பே இல்லாம படிச்சாரு பாருங்க, அங்கதான் மாட்டினாரு."

நான் புரையேறச் சிரித்தேன். "சரியான முட்டாள்!" என்றேன்.

அவளும் சிரித்தாள். என்னைவிட அதிக நேரம் சிரித்தாள். நகைச்சுவை உணர்வுள்ள மனைவி அமைவது பாக்கியம் என்று நினைத்தபடி இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முடி வெட்டிக்கொண்டு, முகச் சவரமும் செய்துகொண்டு வந்தேன். வெற்றி பெறுகிறவன் பார்க்க நன்றாக இருக்க வேண்டாமா? சாயங்காலம் டாக்டர் வந்தார். சட்டைப் பையில் மூக்குப்பொடி. முகத்தில் பிணக்களை. ஆடும் மர நாற்காலியை நானே அவருக்கு எடுத்துப் போட்டேன்.

"வாங்க டாக்டர். சாட்சி பக்கத்துல இருந்து பார்த்தாத்தானே சாட்சி? இந்த மேஜைகிட்டயே உக்காருங்க," என்றாள் என் மனைவி. எனக்கு ஆச்சரியம். நான் கேட்க நினைத்ததை அவளே சொல்கிறாள்!

என் கண்ணைக் கட்டினாள். நான் கேட்டபடியே இரண்டு துணி. ஒன்றில் கள்ளிச்செடி மண் வாசனை அடித்தது. கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோப்பையில் ஊற்றும் சத்தம் கேட்டது. மேஜைப் பக்கமிருந்து டாக்டர் பெருமூச்சு விட்டார்.

உறிஞ்சினேன். நாக்கில் உருட்டினேன். என் கடைக் குரல் தானாக வந்தது.

"ஆகா... இது சாதாரணச் சரக்கு இல்ல. பழைய வீட்டு நூலகத்துக்குள்ள நுழையற மாதிரி இருக்கு. உலர்ந்த திராட்சை... தோல் அட்டை போட்ட புத்தகம்... பொறுமை. ஆமா, பொறுமையோட ருசி. பதினெட்டு!"

"ம்," என்றாள். டெஸ்ட் சமயத்தில் அதற்கு மேல் பேச மாட்டாள்.

இரண்டாவது கோப்பை. மேஜைப் பக்கம் தொண்டை செருமல்.

"கடற்கரையில விறகு எரியுது. ஈரக் கயிறு, உப்புக் காத்து. அடேயப்பா, எனக்குக் கண்ணே எரியுது. புகைக்காரன்!"

"ம்."

மூன்றாவது கோப்பை. சத்தமில்லை. குடித்துவிட்டுக் காத்திருந்தேன். டாக்டர் மறந்துவிட்டார் என்று புரிந்தது. நான் நாக்கைச் சப்புக்கொட்டினேன். உதட்டைத் துடைத்தேன். "யோசிக்க வேண்டிய சரக்கு" என்றேன். பதற்றத்தில் டாக்டர் மறுபடி தொண்டையைச் செருமினார்.

"இதுலயும் புகை..." என்று ஆரம்பித்தேன்.

நாற்காலி கிறீச்சிட்டது.

"...புகை துளிக்கூட இல்லை. கவனிச்சியா? இனிப்பு. சோளக் கொல்லை. புதுசா இழைச்ச மரம். பர்பன்!"

"ம்."

நான்காவது கோப்பைக்கு டாக்டர் பாட்டு முணுமுணுத்தார். சுருதி அபாரமாக இருந்தது. அவருக்கும் தைரியம் வந்துவிட்டது. "பட்டுத் துணியால தொண்டையைத் துடைச்ச மாதிரி இருக்கு. மூணு தடவை வடிச்சது. அயர்லாந்து," என்றேன். ஐந்தாவதற்கு மூக்குப்பொடி டப்பா திறக்கும் சத்தம் எனக்கே கேட்டது. பிறகு வந்த தும்மலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "காரம்! மிளகு! ரை!" என்று கத்தினேன். டாக்டர் தும்மல் நிற்காமல் இன்னும் மூன்று நான்கு ரை போட்டார்.

பாட்டிலை மூடும் சத்தம் கேட்டது.

"அஞ்சுக்கு அஞ்சு," என்றாள் என் மனைவி.

நான் துள்ளிக் குதித்தேன். டாக்டர் தும்மிக்கொண்டே கைதட்டினார். "பார்த்தியா? நாக்குன்னா இது நாக்கு! தட்டு என்னோடது! செடியை மாடிக்கு ஏத்து!"

"கட்டை அவிழ்த்துக்கோங்க."

அவிழ்த்தேன். எதிரில் மேஜைமேல் ஐந்து பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நான் மிச்சம் வைத்த கோப்பை. சாயங்கால வெயில் நேராக அவற்றின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

நான் பெயிண்ட்காரன். நாற்பது வெள்ளையையும் விளக்கில்லாமல் பிரித்துச் சொல்வேன். அந்த ஐந்து கோப்பையையும் பார்த்த மாத்திரத்தில் என் சிரிப்பு உறைந்துவிட்டது. ஐந்தும் ஒரே நிறம். கொஞ்சம்கூடப் பிசகில்லாத ஒரே ஷேடு.

அவள் மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு காலி பாட்டில்களை எடுத்து மேலே வைத்தாள். மூலைக்கடை மலிவு பிளெண்ட். நான் பிரஷ்கூடக் கழுவ மாட்டேன் என்றேனே, அதே கண்றாவி.

"காலையில நீங்க முடி வெட்டப் போனப்போ அஞ்சுலயும் இதைத்தான் ஊத்தி வச்சேன்," என்றாள். "எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னு சொல்லியிருந்தா நானே என் செடியை மாடிக்குத் தூக்கிட்டுப் போயிருப்பேன். தப்புத் தப்பா உளறியிருந்தாக்கூட, பாவம் மனுஷன் முயற்சி பண்ணினார்னு விட்டிருப்பேன். அஞ்சுக்கு அஞ்சு லேபிள்படி சொன்னீங்க பாருங்க!"

எழுத்துப் பலகைக்காரர் என் கண்முன் வந்து நின்றார். புரையேறச் சிரித்தது ஞாபகம் வந்தது.

"டாக்டர்," என்று அவள் திரும்பினாள். "தும்மறதுக்கு முன்னாடி யாராவது குனிஞ்சு லேபிளைப் படிப்பாங்களா?"

டாக்டர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மூக்குப்பொடியா, துக்கமா என்று சொல்ல முடியவில்லை.

"ரெண்டு பேரும் இறங்கலாம்," என்றாள் என் மனைவி.

டாக்டர் பழக்க தோஷத்தில் உடனே எழுந்து போய்விட்டார். நான் எங்கே இறங்குவது? என் வீடு. அப்போதுதான் என் பாட்டில்களில் இருந்த அசல் சரக்கு ஞாபகம் வந்தது.

"என் பதினெட்டு எங்கே? என் புகைக்காரன் எங்கே? ஊத்திட்டியா?" மூலைக்கு ஓடினேன். கேன் கனமாக இருந்தது. உள்ளே ஏதோ குலுங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், என் அப்பா என்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் போனபோதுகூட நான் அப்படி அழவில்லை.

"அது செடிக்கு வச்ச தண்ணி. இங்க வாங்க."

சமையல்கட்டு அலமாரியில் ஐந்து கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறம். மூடியில் என் கடை ஷேடு கார்டை வெட்டிப் பொருத்தமாக ஒட்டியிருந்தாள். வைக்கோல், வார்னிஷ், தேன், செம்பு, துரு. என்னுடைய ஐந்து பேரும் பத்திரமாக இருந்தார்கள். ஜாடிகளைக் கட்டிக்கொண்டேன்.

"ஏன் கலக்கலை? பந்தயப்படி கலக்கியிருக்கலாமே?"

"வேற வேறன்னு தெரிஞ்சப்புறம் எப்படிங்க மனசு வரும்?"

"தெரிஞ்சப்புறமா? யாருக்குத் தெரிஞ்சப்புறம்?"

"பரீட்சை வைக்கறவளுக்கு விடை தெரிய வேண்டாமா? இந்த வாரம் பூரா ஆபீஸ்லேருந்து வந்ததும் ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்பூன் ருசி பார்த்தேன்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதே இரண்டு துணியை எடுத்து அவள் கண்ணைக் கட்டினேன். ஜாடிகளைக் கலைத்துப் போட்டு ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுத்தேன். செருமல் இல்லை, தும்மல் இல்லை. நூலகம், கடற்கரை, பட்டுத் துணி எதுவும் இல்லை. "சோளம்... இது காரம்... இது சும்மா வழுக்குது... இது ஒயின் பீப்பாய்... இது புகை," என்றாள். கொத்தமல்லிக் கட்டையும் புதினாக் கட்டையும் பிரித்து வைப்பதுபோலச் சொல்லி முடித்துவிட்டாள். ஐந்தும் சரி.

"எது பிடிச்சுது?" என்று பரிதாபமாகக் கேட்டேன்.

"புகைதான். நாள் பூரா வண்டிப் புகையில உக்காந்துட்டு வரேன்ல, வீட்டு வாசனை மாதிரி இருக்கு."

தீர்ப்பு அன்றே வழங்கப்பட்டது. கேன் தண்டனை ரத்து. பாட்டில்கள் பழையபடி நடுத்தட்டிலேயே இருக்கும், ஆனால் பின்வரிசையில். முன்வரிசையில் வெயிலைப் பார்த்தபடி ஐந்து கள்ளித் தொட்டிகள். என் கோப்பையின் வயிற்றில் அவள் ஆபீசிலிருந்து கொண்டு வந்த ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினாள். வண்டி பழகுகிறவர்களுக்குக் கொடுக்கும் எல் ஸ்டிக்கர்.

"லேர்னர்ஸ் லைசென்ஸ். பக்கத்துல லைசென்ஸ் உள்ளவங்க இருக்கும்போதுதான் எடுக்கணும். தனியா எடுத்தா ரத்து."

லைசென்ஸ் உள்ளவர் வீட்டில் ஒருவர்தான். சனிக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து புகைக்காரனைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகிறாள். நான் எல் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். டாக்டருக்கு மூன்றாவது டெஸ்ட் வந்தது. போகும் முன் என்னிடம் வந்து, "சார், தயவுசெய்து வாழ்த்துக்கூடச் சொல்லாதீங்க," என்று கேட்டுக்கொண்டு போனார். பாஸாகி விட்டார். இப்போது சொந்தக் காரில் போகிறார்.

ஆனால் நானும் சும்மா விடுகிறவன் இல்லை. அவள் ஆபீசில் இருக்கும்போது திருட்டுத்தனமாக முன்வரிசையைத் தாண்டிப் பின்வரிசைக்குக் கையை விடுகிறேன். சாயங்காலம் வந்ததும் அவள் பாட்டிலில் அளவு பார்ப்பதே இல்லை. "விரலைக் காட்டுங்க" என்கிறாள். சாமணத்தால் முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே, "இது யாரு?" என்று கேட்கிறாள். நான் சொல்கிறேன்.

விஸ்கியில் எது எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் என் கண்ணை இரண்டு துணி போட்டுக் கட்டி, கையை நீட்டச் சொல்லுங்கள். உருண்டையா, சப்பட்டையா, தூணா, முயல் காதா, நட்சத்திரமா என்று குத்தின மாத்திரத்தில் ஐந்துக்கு ஐந்து சொல்லிவிடுவேன்.